முள் காட்டும் வெப்பம் மெய்தானா?

பழைய கார்கள் அணிவகுக்கும் விழா ஒன்று நம் பெங்களூரில் நடக்கும்போது சென்று பாருங்கள், நண்பர்களே. கூடி நிற்போர் காரின் வண்ணத்தையும் வளைவையும் கண்டு வியப்பர். ஓட்டி வந்தவரின் கண்ணோ டேஷ்போர்டில் உள்ள ஒரு சிறு வட்டக் கண்ணாடியின்மேல் இருக்கும். அதனுள் ஒரு முள். ஒரு புறம் ‘சி’ என்றும் மறுபுறம் ‘எச்’ என்றும் எழுத்து. அந்த முள் வலப்புறம் சாயச் சாய அவர் நெற்றியில் வியர்வை அரும்பும். என்ஜினின் வெப்பநிலையைக் காட்டும் அளவி அது. தொழிற்கூடத்தார் மொழியில் டெம்பரேச்சர் மீட்டர்.

அந்த முள் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். இது கார் வைத்திருப்போர்க்கு மட்டும் உரிய கேள்வி அன்று. ஆய்வுக்கூடத்தில் எந்தக் கருவியின் முன் நின்றாலும் நாம் கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் முள் தவறினால் ஒரு நாள் வேலை கெடும். காரில் தவறினால் சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கெட் எரிந்து, பல ஆயிரம் ரூபாய் கரையும்.

முதலில் என்ஜினைப் பார்ப்போம். எரிகின்ற பெட்ரோலின் ஆற்றலில் பழைய என்ஜின் உருப்படியான வேலையாக மாற்றுவது ஏறத்தாழக் கால் பங்கே. மீதி வெப்பத்தில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும், என்ஜினைச் சுற்றி ஓடும் நீர் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். அந்நீர் ரேடியேட்டரில் காற்றுப்பட்டுக் குளிர்ந்து திரும்புகிறது. நீர் மிகவும் குளிர்ந்திருந்தாலும் என்ஜினுக்கு ஆகாது. ஆகவே இடையில் தெர்மோஸ்டாட் என்னும் ஒரு கதவு உண்டு. பல வண்டிகளில் அது சுமார் 82 பாகையில் திறக்கும். (இங்குப் பாகை என்பதெல்லாம் செல்சியஸ் பாகையே.) எனவே நலமாக ஓடும் பழைய என்ஜினின் நீர் 80க்கும் 90க்கும் இடையே நிற்கும், மேட்டில் ஏறும்போதும், சில்க் போர்டு சந்திப்பு போன்ற இடங்களில் அரைமணி நேரம் நகராமல் நிற்கும்போதும் அதற்கு மேலும் போகும்.

புதிய கார் ஓட்டிப் பழகியவர்க்கு இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். புதிய கார்கள் பலவற்றில் முள்ளை இயக்குவது ஒரு கணிப்பொறி. நீரின் வெப்பம் ஓரளவு ஏறி இறங்கினாலும் அது முள்ளை நடுவிலேயே நிறுத்திவைத்து, ஓட்டுபவர் மனத்தை அமைதிப்படுத்தும். பழைய காரின் முள்ளுக்கு அந்த நாகரிகம் தெரியாது. மேட்டில் ஏறினால் ஏறும், இறக்கத்தில் இறங்கும். அசைவதனாலேயே அது கெட்டுவிட்டது என்று எண்ணலாகாது.

பழைய கார்களில் அளவிகள் இருவகை. முன்னது எந்திர வகை. நீருக்குள் ஒரு செம்புக் குமிழ். அதனுள் ஈதர் என்னும் எளிதில் ஆவியாகும் நீர்மம். குமிழிலிருந்து மயிரிழை போன்ற துளையுள்ள மெல்லிய குழாய் டேஷ்போர்டு வரை வரும். நீர் சூடேறினால் ஈதரின் ஆவியழுத்தம் கூடும்; அளவிக்குள் வளைந்திருக்கும் குழாய் சற்றே நிமிரும்; முள் நகரும். இந்த வளைகுழாய் பிரெஞ்சுக்காரர் யூஜின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்றது. நீராவிப் பொறிகளுக்காக அமைத்தது. ஆவியழுத்தம் வெப்பத்தோடு நேர்விகிதத்தில் ஏறாது. மேலே போகப் போக விரைந்து ஏறும். ஆதலால் இவ்வகை அளவியில் கீழ்ப்பகுதிக் கோடுகள் நெருங்கியும் மேற்பகுதிக் கோடுகள் விலகியும் இருக்கும். பாட்டரியோடு இதற்கு எந்த உறவும் இல்லை. குழாய் வெட்டுப்பட்டால் ஈதர் போய்விடும், முள் செத்துவிடும். மற்றபடி இது நேர்மையான கருவி.

மற்றது மின்வகை. நாம் சாலையில் இன்றும் காணும் பழைய வண்டிகள் பலவற்றில் இருப்பது இதுவே. இங்கே நீரில் அமர்ந்திருப்பது தெர்மிஸ்டர் உள்ள ஒரு பித்தளைத் திருகு. உலோகங்கள் சூடேறினால் அவற்றின் மின்தடை கூடும், தெர்மிஸ்டரிலோ குறையும். இத்தகைய தலைகீழ்ப் போக்கை 1833இல் வெள்ளி சல்பைடில் முதன்முதல் கண்டு எழுதியவர் மைக்கேல் பாரடே. குளிர்ந்த நீரில் பல நூறு ஓம் இருக்கும் தடை, கொதிநிலை அருகே சில பத்து ஓம்களாகக் குறைந்துவிடும். தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும். அம்மின்னோட்டம் அளவிக்குள் ஒரு சிறு கம்பிச்சுருளைச் சூடேற்றும். அச்சுருள் சுற்றப்பட்ட இரட்டை உலோகத் தகடு வளையும். தகட்டோடு சேர்ந்து முள் நகரும். வெப்பம் மின்தடையாகி, தடை மின்னோட்டமாகி, மின்னோட்டம் மறுபடியும் வெப்பமாகி, பிறகே முள்ளின் அசைவாகிறது! நம் கண்ணுக்குத் தெரியும் முள் என்ஜினின் வெப்பத்தை அளக்கவில்லை. தன் வயிற்றில் உள்ள ஒரு கம்பியின் வெப்பத்தையே அளக்கிறது. இடையில் உள்ள கண்ணிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் இரண்டும் ஒன்று.

இவ்வகையில் இன்னொரு கண்ணியும் உண்டு. பாட்டரியின் அழுத்தம் என்ஜின் நிற்கும்போது 12 வோல்ட், ஓடும்போது 13.5, சில நேரம் 14. அழுத்தம் மாறினால் முள்ளும் மாறும் அல்லவா? அதைத் தடுக்க, 1960களில் பரவிய பிரிட்டிஷ் வடிவமைப்பில் அளவிகளுக்கு முன்னே ஒரு ஸ்டெபிலைசரை வைத்தனர். தீப்பெட்டியினும் சிறிய தகரக்கூடு. உள்ளே மற்றொரு இரட்டை உலோகத் தகடு சூடேறித் தொடர்பை விடும், குளிர்ந்து மீண்டும் தொடும். விட்டு விட்டுச் செல்லும் மின்சாரத்தின் சராசரி 10 வோல்ட். அளவியின் தகடு மந்தமாகச் சூடேறுவது. ஆகையால் இந்தத் துடிப்பு முள்ளில் தெரியாது. எளிமையான ஏற்பாடு, ஆனால் அறிவுள்ளது. இதே 10 வோல்ட்தான் பெட்ரோல் அளவிக்கும் போகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அல்சூரில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். கோலார் தங்கவயலில் பணியாற்றியவர். சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டபின் இங்கே குடிவந்தார். அவரிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கிறது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை ஒட்டி 1961 முதல் நம் சென்னையில் செய்யப்பட்ட கார் அது. சென்ற ஆண்டு அவர் வண்டியின் முள் திடீரென்று ‘எச்’ பக்கம் சாய்ந்து நின்றது. ஒரு தொழிற்கூடத்தில் ஹெட்டைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு அவர் வண்டியையே விற்றுவிட முடிவு செய்திருந்தார். பேரன் திருமணத்திற்குத் தங்கவயலுக்கு அதில் போகவேண்டும் என்ற ஆசை வேறு.

“ஐயா, பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது?” என்று கேட்டேன்.

“அதைக் கேக்காதே தம்பி. அரை டேங்குகூட இல்லை, ஆனா நெறஞ்சு வழியற மாதிரி காட்டுது. ரெண்டுக்கும் ஒரே நேரத்துல கிறுக்குப் பிடிச்சுது.”

இரண்டும் ஒரே நேரத்தில் என்ற அச்சொல்லிலேயே விடை இருந்தது. நீரும் பெட்ரோலும் சேர்ந்து சதி செய்ய முடியாது. இரண்டுக்கும் பொதுவானது ஸ்டெபிலைசர் ஒன்றே. அதன் உள்தகட்டைச் சூடேற்றும் மின்சாரம் காரின் உடலுக்குள் இறங்கவேண்டும். அதாவது ‘எர்த்’ வேண்டும். எர்த் இல்லையேல் தகடு சூடேறாது, தொடர்பு விடாது, முழு 13.5 வோல்ட்டும் நேரே அளவிக்குப் போகும். இதன் விளைவு நாம் நினைப்பதைவிடப் பெரிது. அழுத்தம் 1.35 மடங்கானால் மின்னோட்டமும் 1.35 மடங்கு, ஆனால் கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.35இன் வர்க்கம் ஏறத்தாழ 1.8. தகட்டின் சூடு கிட்டத்தட்ட இருமடங்காகும்போது முள் எங்கே நிற்கும்?

டேஷ்போர்டின் பின்னே ஸ்டெபிலைசரைப் பிடித்திருந்த ஒற்றைத் திருகில் துரு. உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் முடுக்கினோம். முள் நடுவுக்கு வந்தது. பெட்ரோல் முள்ளும் அரைக்குக் கீழே இறங்கியது. இரண்டாவதைப் பார்த்துத்தான் பெரியவர் சிரித்தார்.

இது அச்சுறுத்தும் பொய். வீண் செலவு வைக்கும், ஆனால் என்ஜினைக் கெடுக்காது. இதற்கு எதிரான பொய்யே கொடியது. என்ஜின் சூடாக இருக்கும்போது முள் குளிர்ச்சி என்று சொல்லித் தாலாட்டுவது. தெர்மிஸ்டருக்குச் செல்லும் கம்பியின் முனையில் பச்சை பூத்திருந்தாலோ, திருகில் நீர் கசியாமலிருக்க வெள்ளை டெஃப்ளான் நாடாவை மிகுதியாகச் சுற்றி அதன் எர்த்தைக் கெடுத்திருந்தாலோ, மின்சாரத்தின் பாதையில் புதிய தடை ஒன்று சேர்கிறது. சூடான நிலையில் தெர்மிஸ்டரின் தடை 50 ஓம் என்றும், அழுக்கின் தடை 10 ஓம் என்றும் கொள்வோம். அளவிக்குத் தெரிவது 60 ஓம். கொதிநிலை அருகே பொதுவான தெர்மிஸ்டரின் தடை ஒரு பாகைக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு குறையும் என்பதை வைத்துக் கணக்கிட்டால், முள் உண்மையினும் சுமார் 6 பாகை குறைத்துக் காட்டும் என்பது தெரியும். 10 ஓம் என்பது ஒரு கம்பி முனையில் படியும் அழுக்கு. அது தின்பதோ ஆறு பாகை.

கம்பி முற்றும் அறுந்தால் முள் ‘சி’யிலேயே படுத்துவிடும். கம்பியின் உறை தேய்ந்து காரின் உடலைத் தொட்டால் ‘எச்’சுக்கு ஓடிவிடும். இவை எளிதில் தெரிந்துவிடும் குறைகள். பெரிதாகப் பேச வேண்டியதில்லை.

சரி, முள் மெய் சொல்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? ஒரு பாத்திரம், ஓர் அடுப்பு, ஒரு நல்ல வெப்பமானி, இரண்டு கம்பிகள் போதும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் நீரைச் சற்று வடித்துவிட்டு தெர்மிஸ்டர்த் திருகைக் கழற்றுங்கள். அதன் பித்தளை உடலிலிருந்து ஒரு கம்பியைக் காரின் எர்த்துக்கும், தலையிலிருந்து மற்றொன்றை அளவிக் கம்பிக்கும் இணையுங்கள். பித்தளை நீருக்குள் இருக்கவேண்டும், தலை நனையக்கூடாது, எதுவும் பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது, அடித்தகரம் நீரினும் சூடானது. அடுப்பைப் பெட்ரோல் மணம் வீசும் இடத்தில் வைக்கவேண்டாம். கம்பியை நீளமாக எடுத்துக்கொண்டு எட்டி வையுங்கள். நீரைக் கலக்கிக்கொண்டே மெல்லச் சூடேற்றி, 50, 60, 70, 80, 90 பாகைகளில் முள் எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒன்றிரண்டு நிமிடம் பொறுக்கவேண்டும், ஏனெனில் இரட்டைத் தகடு சோம்பேறி. பின்பு அடுப்பை அணைத்து, இறங்கும்போதும் அதே இடங்களைக் குறியுங்கள். ஏறுமுகமும் இறங்குமுகமும் ஒத்துவந்தால் உங்கள் அளவீட்டை நம்பலாம்.

வெப்பமானி இல்லாதவர் சிலர், “நீர் கொதிக்கட்டும், அதுதானே 100 பாகை” என்பர். சென்னையில் இது சரி. பெங்களூரில் தவறு. நாம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் வாழ்கிறோம். நம் தலைக்கு மேலுள்ள காற்றின் சுமை குறைவு. கடற்கரையில் 760 மில்லிமீட்டர் நிற்கும் பாதரசம் இங்கே ஏறத்தாழ 680 மில்லிமீட்டரே நிற்கும். ஆகவே இங்கே நீர் 97 பாகையிலேயே கொதித்துவிடும். பிறகு எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் ஏறாது. (விடுதிச் சமையலறையில் பருப்பு வேகவில்லை என்று புலம்பும் தஞ்சைத் தோழர்கள் சமையற்காரரை மட்டும் குறை சொல்லவேண்டாம், குக்கர் மூடாத பானையில் அவரால் 97ஐத் தாண்ட முடியாது.) இங்கே கொதிநீரில் முள் நின்ற இடத்தில் 100 என்று குறித்துவைத்தால், அந்த அளவி அன்று முதல் 3 பாகை கூட்டிச் சொல்லும். 97 என்று குறியுங்கள், கணக்கு நேராகிவிடும்.

எந்திர வகை அளவிக்கும் இந்த உயரத்தால் சிறு பிழை உண்டு. வெளிக்காற்றின் அழுத்தத்திற்கும் ஈதரின் அழுத்தத்திற்கும் உள்ள வேறுபாட்டையே அதன் வளைகுழாய் உணர்கிறது. வெளியழுத்தம் குறைந்தால் முள் சற்றுக் கூடுதலாகக் காட்டும். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தேன். 90 பாகை அருகே அது ஒரு பாகைக்கும் குறைவே. மறந்துவிடலாம்.

பொழுதும் பொறுமையும் உள்ளவர்க்கு இன்னொரு வழி சொல்வேன். பாத்திரத்தில் இருக்கும்போதே தெர்மிஸ்டரின் தடையை மல்டிமீட்டரால் ஒவ்வொரு வெப்பநிலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அப்போது அளவிக் கம்பியைக் கழற்றிவிடவேண்டும். பின்பு சாதர் பத்ரப்பா சாலைக்குச் சென்று அம்மதிப்புகளுக்கு நெருங்கிய மின்தடைகளை வாங்கி வந்து, தெர்மிஸ்டருக்குப் பதில் ஒவ்வொன்றாக இணைத்து முள்ளைப் பாருங்கள். 2 வாட் தடைகளாக வாங்குங்கள். கால் வாட் தடை சூடேறித் தன் மதிப்பையே மாற்றிக்கொள்ளும். இப்படிச் செய்தால் குறை அளவியிலா, தெர்மிஸ்டரிலா என்பது தனித்தனியே தெரிந்துவிடும். பழைய தெர்மிஸ்டருக்குப் பதில் ஜே.சி. சாலைக் கடையில் கிடைத்த வேறு வண்டியின் தெர்மிஸ்டரை மாட்டிவிட்டு அளவியைக் குறை கூறுவோர் மிகப் பலர். திருகின் மரை பொருந்துவதனாலேயே மின்தடையும் பொருந்திவிடாது.

ஸ்டெபிலைசர் உண்மையிலேயே கெட்டிருந்தால், 7810 என்னும் மூன்று கால் மின்னணு உறுப்பை அதனிடத்தில் வைக்கலாம். துடிப்பின்றி 10 வோல்ட் தரும், விலையும் சொற்பம். ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பாட்டரியின் நேர்முனை எர்த்தாக இருக்கும். அவற்றில் இதை மாட்டினால் உடனே கருகும்.

துப்பாக்கி போலப் பிடித்துப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானியைப் பலர் இப்போது வைத்திருக்கின்றனர். நல்ல துணை, ஆனால் பளபளக்கும் பித்தளை, அலுமினியப் பரப்புகளை நோக்கினால் அது குறைத்தே சொல்லும். மெருகேறிய உலோகம் வெப்பக் கதிர்களைக் கஞ்சத்தனமாகவே வெளியிடும். அவ்விடத்தில் ஒரு துண்டுக் காகித நாடாவை ஒட்டி, அதன்மேல் பாருங்கள். வெளிப்பரப்பு உள்நீரினும் சில பாகை குறைவாக இருக்கும் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து முள்ளை நேராக்கிய பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: எந்த எண்ணில் அஞ்சவேண்டும்? அதை முடிவு செய்வது ரேடியேட்டரின் மூடி. அம்மூடியில் உள்ள வில் நீரை அழுத்திவைக்கிறது. அரை வளிமண்டல அளவுக்குச் சற்றுக் குறைவான அழுத்தம் பழைய வண்டிகளுக்குப் பொதுவானது. அவ்வழுத்தத்தில் தனிநீர் சென்னையில் 111 பாகை அளவிலும், பெங்களூரில் 109 அளவிலும் கொதிக்கும். 100ஐ முள் தொட்டாலும் கைவசம் இடம் இருக்கிறது. ஆனால் வில் தளர்ந்து மூடி அழுத்தத்தைக் காக்கவில்லையெனில், இங்கே 97இலேயே கொதிப்பு. சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகைக்கு அதே வண்டியில் ஏறினால் 92 அல்லது 93 பாகையிலேயே கொதித்துவிடும். முள் நடுவை விட்டுச் சற்றே நகர்ந்திருக்கும், மெய்தான் சொல்லும், ஆயினும் ரேடியேட்டரில் நீர் குமுறிக்கொண்டிருக்கும். அல்சூர்ப் பெரியவரின் வண்டியிலும் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. திருமணப் பயணத்துக்கு முன் புதிய மூடி வாங்கச் சொன்னேன். அளவி திருந்திய மகிழ்ச்சியில் முதலில் அவர் காதில் விழவில்லை. இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. நீரோடு பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் சேர்த்த குளிர்ப்பி ஊற்றினால் கொதிநிலை இன்னும் ஏழெட்டுப் பாகை உயரும், துருவும் குறையும்.

கடைசியாக ஒன்று. ஏறிக்கொண்டே போன முள் ஓடும்போதே திடீரென்று ‘சி’ பக்கம் சரிந்தால், “அப்பாடா, ஆறிவிட்டது” என்று பெருமூச்சு விடாதீர்கள். தெர்மிஸ்டர் அளப்பது தன்னைச் சூழ்ந்த நீரை. குழாய் வெடித்து நீர் போய்விட்டால் அது வெறுங்காற்றில் தொங்கும். நீர் தரும் அளவு வெப்பத்தைக் காற்று தராது. தெர்மிஸ்டர் குளிரும், முள் இறங்கும், என்ஜினோ உள்ளே எரிந்துகொண்டிருக்கும். உடனே ஓரங்கட்டி நிறுத்தி என்ஜினை அணையுங்கள். மூடியைத் தொடவேண்டாம், அழுத்தம் விடுபட்ட நொடியில் எஞ்சியுள்ள சுடுநீரும் ஆவியும் சீறி முகத்தில் அடிக்கும். அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். பின்பு தடித்த துணியை மூடியின்மேல் போட்டு, முகத்தை ஒதுக்கிக்கொண்டு, முதல் தடை வரை மட்டும் திருகி, சீறல் நின்ற பிறகே முழுதும் திறவுங்கள். நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கொதிக்கும் இரும்பில் தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் வெடிப்பு விடும்.